பண்ணை இல்லாத பண்ணை வீடு

பண்ணை வீடு என்றால் தில்லிவாசிகளுக்கு ஒரே அர்த்தம்தான். சத்தர்பூர், மெஹ்ரௌலி பக்கத்து உயர்ந்த மதில்கள், பச்சைப் புல்வெளி, கல்யாண சீஸனில் ஷாமியானா, நள்ளிரவு தாண்டியும் பங்க்ரா. அங்கே அமோகமாக விளைவது விருந்துகள்தான். இப்போது அந்த வார்த்தை வேறு அவதாரத்தில் நகரத் தெருக்களுக்குள் நுழைந்திருக்கிறது. 30க்கு 40 அடி மனையில் 50 வருடங்களாக நிற்கும் வீட்டைப் புதுப்பிக்க நினைக்கும் குடும்பத்தின் முன் ஆர்க்கிடெக்ட் விரிக்கும் படங்களைப் பாருங்கள். வெள்ளைச் சுவர், கறுப்புச் சட்டம் போட்ட பெரிய ஜன்னல், சமையலறையும் கூடமும் ஒன்றாகிப்போன விசாலம், இரும்புத் தண்டவாளத்தில் உருளும் மரக்கதவு, தொட்டி போல ஆழமான ஸிங்க். பெயர்: மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ்.

இதன் பூர்வீகத்தைத் தேடினால் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வேகோ என்ற ஊருக்குப் போய்ச் சேருவோம். சிப் கெய்ன்ஸ், ஜோவன்னா கெய்ன்ஸ் தம்பதி அங்கே பழைய வீடுகளைப் புதுப்பித்துக் காட்டிய 'ஃபிக்ஸர் அப்பர்' தொடர் எச்.ஜி.டி.வி. சேனலில் 2013இல் தொடங்கி 2018 வரை ஓடியது. பாணி அவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஆனால் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்ததில் அவர்கள் பங்கு பெரிது. அந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு. சுவரின் மேல்பூச்சை உரித்தால் உள்ளே 'ஷிப்லாப்' என்னும் பழைய மரப்பலகைகள் வரிசையாகத் தெரியும். அதற்கு வெள்ளையடித்து அப்படியே வைத்துக்கொள்வார்கள். அதாவது, வீட்டுக்குள் ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவந்தார்கள். நாம் அதே படத்தைப் பார்த்துவிட்டு, இருப்பதை உடைத்து, பலகை மாதிரித் தெரியும் பி.வி.சி. ஷீட்டை ஒட்டுகிறோம்.

அமெரிக்கப் பண்ணை வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. குழாய்த் தண்ணீர் இல்லாத காலத்தில் வாளி வாளியாகக் கொட்டி வைக்க ஆழமான ஸிங்க். வைக்கோல் வண்டி நுழையும் அளவு அகலமான கதவு கீலில் தொங்காது என்பதால் உருளும் கதவு. பனி சரிந்து விழச் செங்குத்தான கூரை. நம் கிராமத்து வீடுகளிலும் இப்படி வேலைக்காகப் பிறந்த அங்கங்கள் ஏராளம். கர்நாடகத்தின் தொட்டி மனைகளில் நடுவே வெளிச்சமும் மழையும் இறங்கும் முற்றம். வாசலில் 'ஜகலி' என்ற திண்ணை. 1865இல் பாஸல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை வைத்துத் தயாரித்த ஓடு, பிறகு தென்னிந்தியக் கூரைகளின் முகத்தையே மாற்றியது. நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் இதில் கொஞ்சத்தையாவது கூடவே கொண்டுவந்தார்கள். 1960, 70களில் கட்டிய வீடுகளின் சிவப்புத் தரை, வாசல் வராந்தா, கொல்லைப்புறத் துவைக்கும் கல் எல்லாம் அந்த மிச்சங்கள்தான். 'டேட்டட்' என்று இன்று இடிக்கப்படுபவையும் இவைதான்.

பெங்களூரு ஜெயநகரில் ஒரு நண்பரின் வீடு. அவருடைய அப்பா பிராவிடண்ட் ஃபண்டில் கடன் வாங்கி 1974இல் கட்டியது. அப்பா போய்விட்டார். 78 வயது அம்மா, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். போன வருஷம் வரைபடம் தயாராகிவிட்டது. கீழ்த்தளம் முழுக்கத் திறந்த கூடம், மூன்று படுக்கையறைகளும் மாடியில். படத்தைக் கையில் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்த அம்மா கேட்டார்: "என் ரூம் மாடியிலயா? மாடி ஏறினா அப்புறம் நான் கீழ வர்றது ஒரு தடவைதாண்டா."

யாரும் சிரிக்கவில்லை.

இதில் ஆர்க்கிடெக்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பத்திரிகைப் படங்களில் பாட்டிகள் வருவதில்லை. வந்தாலும் ஓரமாக ஒரு ஆடும் நாற்காலியில் அழகுக்காக உட்கார்ந்திருப்பார்கள். 'குடும்ப வீடு' என்ற சொல்லின் பின்னால் அந்தப் பாணி நினைப்பது அப்பா, அம்மா, குழந்தைகள், ஒரு நாய். நம் வீடுகளில் இன்னும் மூன்று தலைமுறை இருக்கிறது. அல்லது கடைசி ஐந்தாறு வருஷங்களுக்கு வந்து சேரும்.

வரைபடம் திருத்தப்பட்டது. முதலில் கைவிடப்பட்டது சமையலறைச் சுவரை இடிக்கும் யோசனை. 9 அங்குலச் செங்கல் சுவர்; மேல்தளத்தையே தாங்குவது. எடுக்க வேண்டுமென்றால் கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்து, இரும்பு உத்தரம் செருகி, என்ஜினீயர் கையெழுத்துடன் செய்ய வேண்டும். முடியாத காரியமல்ல. ஆனால் மிளகாய் வற்றலைத் தாளிக்கும் வீட்டில் அதற்குப் பிறகு சோபாவும் சேர்ந்து தும்மும். சுவரில் ஒரு அகலமான ஜன்னல் திறந்ததோடு விட்டார்கள். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி என்ற திட்டமும் போயிற்று. சாய்ங்கால வெயிலைக் கண்ணாடி வழியே உள்ளே அழைத்துவிட்டு, அப்புறம் ஏ.சி. போட்டு விரட்டுவானேன்? 'சுத்தமான முகப்பு' வேண்டும் என்பதற்காக சன்ஷேடை வெட்டி எறிந்துவிட்டு, முதல் மழையில் ஜன்னலடியில் வாளி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மிஞ்சிய பணம் கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குப் போனது. பழைய வீட்டில் பணம் போக வேண்டிய இடமும் அதுதான். எர்த் இல்லாத பழைய வயரிங். உள்ளே துரு அடைத்த ஜி.ஐ. குழாய்கள். மேல்தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது குளியலறைக்கு மேலே 'தொப் தொப்' என்று வெற்றுச் சத்தம். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருந்தால் படத்தில் அருமையாக விழுந்திருக்கும். பிறகு ஒருநாள் நிஜமாகவே விழுந்திருக்கும். இன்னும் பழைய, சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

தேக்குக் கதவுகள் தப்பின. இடிபடும் வீடுகளின் கதவு, ஜன்னல்களை வாங்கி வந்து புதுக் கட்டடங்களில் பொருத்தியவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007இல் மறைந்த அந்த மனிதர் சிக்கனத்துக்காகச் செய்ததை இன்று கடைகள் ஃபேஷனாக விற்கின்றன. சொந்த வீட்டுக் கதவை எடைக்குப் போட்டுவிட்டு, வேறு யார் வீட்டுக் கதவையோ பத்து மடங்கு விலைக்கு வாங்கி 'ரஸ்டிக் லுக்' என்பதில் என்ன லாபமோ.

சிவப்புத் தரையை முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. குழாய்க்காகத் தோண்டிய இடத்தில் ரெட் ஆக்ஸைடு போட வந்த கொத்தனார் முன்பே எச்சரித்தார், பழைய நிறம் வராது என்று. வரவில்லை. கூடத்தின் நடுவே அடர் சிவப்பில் ஒரு பட்டை ஓடுகிறது. பளபளக்கும் டைல்ஸில் ஈரக்கால் வழுக்கி இடுப்பு ஒடிவதைவிட அது எவ்வளவோ மேல்.

அம்மாவின் அறை கீழேயே இருக்கிறது. ஒட்டினாற்போல் குளியலறை. பழைய கதவின் அகலம் இரண்டேகால் அடி. சக்கர நாற்காலி நுழையாது. அதை 3 அடியாக்கினார்கள். உள்ளே வாசற்படி இல்லை, சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. வராந்தாவுக்கு ஏற 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளச் சரிவு. ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது கணக்கு. அம்மா இப்போது நடந்துதான் போகிறார். சரிவு காத்திருக்கிறது.

அந்தப் படங்களிலிருந்து வீட்டுக்குள் வந்த ஒரே சாமான், தண்டவாளத்தில் உருளும் கதவு. மருமகள் பிடிவாதமாக அதைக் கேட்டு வாங்கி அம்மாவின் குளியலறைக்கே மாட்டினார். காரணமும் சொன்னார்: உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை விழுந்தவரே அடைத்துக்கொள்வார்; இதை வெளியிலிருந்து ஒரு கையால் தள்ளிவிடலாம். ஒரு குறை, இந்த மாதிரிக் கதவு சுவரோடு ஒட்டி மூடாது. ஓரத்தில் விரலிடை இருக்கும். அம்மா பழைய காட்டன் புடவை ஒன்றைக் கிழித்து உள்பக்கம் திரை தைத்துப் போட்டுக்கொண்டார்.