104 என்றால் நூற்று நான்கு அல்ல!

வெயில் கொளுத்தும் மே மாதம் பார்த்துத்தான் சீலிங் ஃபேன் மக்கர் பண்ணும். சுவிட்சைப் போட்டால் 'உம்' என்று முனகும், சுற்றாது. பெரும்பாலும் மோட்டாரில் பழுது இருக்காது. மத்தூர் கடைத்தெருவில் 'கண்டன்சர்' என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த கெப்பாசிட்டர்தான் போயிருக்கும்.

'ஏதோ ஒண்ணு கொடுங்கண்ணே' என்று வாங்கி வராதீர்கள். பழையதன் மேலேயே எல்லாம் எழுதியிருக்கும். 2.5 அல்லது 3.15 என்பது மைக்ரோஃபாரட் அளவு. 'எம்எஃப்டி' என்று போட்டிருந்தாலும் அதேதான். 440 என்பது அது தாங்கும் வோல்ட். மைக்ரோஃபாரட் மாறக் கூடாது. கூடினால் காயில் சூடேறும். குறைந்தால் வேகம் வராது. வோல்ட் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

மாந்தோப்புக்குத் தண்ணீர் இறைக்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் கவனம் இன்னும் தேவை. அதன் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு கெப்பாசிட்டர்கள் இருக்கும். '100-120' என்பது போல இரண்டு எண்கள் போட்டிருந்தால் அது ஸ்டார்ட்டிங். சில நொடி வேலைக்குத்தான். '36' என்பது போல ஒரே எண் இருந்தால் ரன்னிங். இடம் மாற்றி மாட்டினால் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் சூடேறி வெடிக்கும். மோட்டாரும் புகைந்துவிடலாம்.

ஓசூர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்குத் தயாராகும் ஐடிஐ பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. சர்க்யூட் போர்டில் உள்ள குட்டி கெப்பாசிட்டரில் 104 என்றிருந்தால் நூற்று நான்கு அல்ல. முதல் இரண்டு இலக்கம் 10. கடைசி 4 என்பது பூஜ்யங்களின் எண்ணிக்கை. ஆக 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். அப்படியே 103 என்றால் 0.01, 474 என்றால் 0.47. வெறும் 22 என்றிருந்தால் 22 பிக்கோஃபாரட்தான். பக்கத்து எழுத்து, அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதைச் சொல்லும்: ஜே 5 சதவிகிதம், கே 10, எம் 20.

உருளை வடிவ எலெக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் 'பட்'டென்று வெடிக்கும். தலை உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

கழற்றும் முன் மெயினை அணையுங்கள். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். முனைகளைத் தொட வேண்டாம். பழக்கம் இல்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள். ஆனால், எழுத்து தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதைக் காட்டினால் போதும்!