மூன்றாவது ஆர்ட்டின் விழுந்த பிறகு

2003 மே மாதம், லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ கேசினோ. உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் இறங்கிய 839 பேரில் இருவர் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள்: தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹா, டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். மேசையில் விரிந்த ஐந்து சீட்டுகளில் மூன்று இஸ்பேட். கையிலும் இரண்டு இஸ்பேட் இருந்தால் ஒரே இனத்து ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ். மணிமேக்கர் தன்னிடமிருந்த சிப்ஸ் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹாவிடம் ஒன்பதில் ஒரு ஜோடி. ‘ஃப்ளஷ் அமையவில்லை போலிருக்கிறதே’ என்று வாய்விட்டே கேட்டார். அந்த ஊகம் சரிதான்; மணிமேக்கரின் கையில் இருந்தவை இஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். ஆனாலும் ஃபர்ஹா சீட்டை மடக்கிவிட்டார். கடைசியில் 25 லட்சம் டாலர் பரிசு மணிமேக்கருக்குப் போனது.

அந்தப் பொய்ப் பந்தயத்தைத்தான் இன்றுவரை கொண்டாடுகிறார்கள். போக்கர் என்றாலே புளஃப் என்று நம்மில் பலர் நினைப்பதற்கும் இத்தகைய காட்சிகளே காரணம். உண்மையான திறமை வேறிடத்தில் இருக்கிறது. கையில் நல்ல சீட்டு, ஆனால் அதை வெல்லக்கூடிய சீட்டும் உண்டு. அந்த நிலையிலும் தோற்கும் கையிடமிருந்து பணத்தை வாங்கத் தெரிவதுதான் ஆட்டம். இதற்குப் பெயர் வேல்யூ பெட்.

ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். உங்களிடம் இஸ்பேட் ராஜா, கிளாவர் ஒன்பது. மேசையில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஒன்பது, கிளாவர் நாலு, இஸ்பேட் ரெண்டு. இரண்டு முறை பந்தயம் கட்டினீர்கள். எதிராளி இரண்டு முறையும் ஈடு கொடுத்தார். கடைசிச் சீட்டாக ஆர்ட்டின் ஏழு விழுகிறது. அவரிடம் இரண்டு ஆர்ட்டின் இருந்தால் ஃப்ளஷ், உங்கள் இரண்டு ஜோடி வீண். இங்கேதான் பெரும்பாலோர் பயந்து, பந்தயம் கட்டாமலே சீட்டைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

எண்ணிப் பார்த்தால் பயம் குறையும். மீதமுள்ள பத்து ஆர்ட்டினில் இரண்டை இணைக்க 45 வழிகள். ஆனால் மூன்றும் ரெண்டும் வைத்துக்கொண்டு யார் ஆட வருவார்கள்? நிதானமான ஆட்டக்காரர் வைத்து ஆடும் இணைகள் இருபதுக்குப் பக்கத்தில்தான் தேறும். மறுபக்கம், மீதமுள்ள இரண்டு ராஜாக்களோடு ஏஸ், ராணி, ஜாக்கி, பத்து சேரும் கைகள் மட்டும் 32. அவை அனைத்தும் உங்களிடம் தோற்பவை. ராஜா ஜோடியை விட மனமில்லாமல் ஈடு கொடுக்கக்கூடியவை. எனவே கட்ட வேண்டும். ஆனால் அளவோடு: பானையில், அதாவது மேசை நடுவில் சேர்ந்த பணத்தில், மூன்றில் ஒரு பங்கோ, மிஞ்சினால் பாதியோ. மூன்று ஆர்ட்டினை எதிராளியும் பார்க்கிறார். முழுப் பானைக்குக் கட்டினால் ராஜாக்காரர் ஓடிவிடுவார், ஃப்ளஷ்காரர் மட்டும் மிஞ்சுவார். ஈடு கிடைக்கும் தருணங்களில் பாதிக்கு மேல் நாம் ஜெயிக்க வேண்டும் என்பதே டேவிட் ஸ்க்லான்ஸ்கி போன்றோர் எழுதிய நூல்களின் அடிப்படைக் கணக்கு.

மேசையில் நான்கு ஆர்ட்டின் வந்துவிட்டால் நிலைமை அடியோடு மாறும். எதிராளிக்கு ஒரே ஓர் ஆர்ட்டின் போதும். ஏதோ இரண்டு சீட்டு வைத்திருப்பவரிடம்கூட அது இருக்க 36 சதவீத வாய்ப்பு. நம் கையில் ஆர்ட்டினே இல்லையென்றால் அங்கே கட்டக் கூடாது.

இது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறன் விளையாட்டுகள் என்றது. 2025-ல் வந்த மத்தியச் சட்டமோ, திறனா அதிர்ஷ்டமா என்று பாராமல், இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையே தடை செய்துவிட்டது. கடன்பட்டு அழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடையின் நியாயம் புரியும். அதற்காக இந்த ஆட்டத்தில் கணக்கே இல்லை என்று சொல்வதை ஏற்க முடியாது.

மீண்டும் நம் ஆட்டத்துக்கு வருவோம். ஆர்ட்டின் ஏழுக்குப் பிறகு நீங்கள் கட்டிய சிறு பந்தயத்தை எதிராளி மும்மடங்காக உயர்த்தினால்? இதுவரை ஈடு மட்டுமே கொடுத்து வந்தவர் அந்தச் சீட்டில் திடீரென்று ஏற்றுகிறார் என்றால், ராஜா ஜோடியோடு அப்படிச் செய்பவர் மிக அரிது. இரண்டு ஜோடியை மடக்கி வைக்க வேண்டிய இடம் அதுதான்.