‘எங்க இன்ஷூரன்ஸ் எடுப்பீங்களா?’

கலிஃபோர்னியாவில் ஒரு தமிழ்ப் பெண் சொந்தமாக கவுன்சலிங் அறை திறந்தால், போனில் வரும் முதல் கேள்வி மனசைப் பற்றியதாக இருக்காது. ஊர் எது என்று விசாரிப்பார்கள். தமிழிலேயே பேசலாமா என்று கேட்பார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு, ‘‘அக்கா, எங்க இன்ஷூரன்ஸ் எடுப்பீங்களா?’’ என்பார்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால், ‘‘சரிக்கா, வீட்ல கேட்டுட்டு சொல்றேன்.’’ அந்த போன் பெரும்பாலும் திரும்ப வராது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 50 நிமிட அமர்வுக்குக் கையிலிருந்து 150, 200 டாலர் கொடுப்பது சாதாரணம். வாரம் ஒரு முறை என்றால் மாதம் 600 முதல் 800 டாலர். வீட்டு வாடகை, குழந்தையின் டே கேர், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக, ‘மனசு சரியில்லை’ என்பதற்கு அவ்வளவு எடுத்துவைக்க எந்தக் குடும்பமும் யோசிக்கும். அதே அமர்வுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால், பல திட்டங்களில் 20, 30 டாலர் கட்டினால் போதும்.

அதனால்தான் சிலர், ‘இன்ஷூரன்ஸ் எடுப்போம்’ என்ற முடிவோடு தொழில் தொடங்குகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால், அதற்குப் பின்னால் ஒரு பெரிய காகித வேலை இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளாமல் இறங்கினால் நஷ்டம் தெரபிஸ்ட்டுக்கு மட்டுமல்ல, நம்பி வந்து உட்காருபவருக்கும்தான்.

லைசென்ஸுக்குப் பிறகுதான் பெயர்ப்பலகை

கலிஃபோர்னியாவில் இந்தத் துறைக்கு லைசென்ஸ் கொடுப்பது ‘போர்டு ஆஃப் பிஹேவியரல் சயின்சஸ்’ என்ற மாநில வாரியம். திருமண-குடும்ப தெரபிஸ்ட், கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர், கிளினிக்கல் கவுன்சலர் என்ற மூன்று வழிகளில் எதில் போனாலும் முதுகலைப் பட்டம் வேண்டும். பிறகு 3,000 மணி நேரம் இன்னொருவரின் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். அவசரப்பட்டு முடிக்க முடியாது, குறைந்தது 104 வாரங்கள் ஆக வேண்டும். கூடவே இரண்டு தேர்வுகள். பயிற்சிக் காலத்தில் ‘அசோசியேட்’ என்ற பெயரில் வேலை பார்க்கலாம், சொந்த கிளினிக் வைக்கக் கூடாது.

சென்னையிலோ கோவையிலோ வாங்கிய எம்.எஸ்ஸி. சைக்காலஜியை அப்படியே கொண்டுபோய் நீட்ட முடியாது. அதை மதிப்பீடு செய்ய அனுப்பி, குறைகிற பாடங்களைப் படித்துச் சேர்க்க வேண்டும். கணவரின் வேலை விசாவில் துணையாகப் போனவர்கள் முதலில் தங்களுக்கு வேலை அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரீன் கார்டு நடைமுறை ஒரு கட்டத்தைத் தாண்டிய ஹெச்-1பி ஊழியர்களின் துணைக்கு 2015 முதல் அந்த அனுமதி கிடைக்கிறது. அதை வைத்துச் சொந்தத் தொழிலும் செய்யலாம்.

இன்னொரு உள்ளூர் விஷயம். அமெரிக்காவில் சிறு தொழில் என்றாலே எல்.எல்.சி. தொடங்கச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் பெற்ற தெரபிஸ்ட்டுகளுக்கு அந்த வழி கிடையாது. தனி உரிமையாளராகத் தொடங்கலாம், வருமானம் கூடியபின் ‘புரொஃபஷனல் கார்ப்பரேஷன்’ ஆக்கிக்கொள்ளலாம். வேறு மாநிலத்துத் தோழி சொன்னார் என்று பணம் கட்டிவிட வேண்டாம்.

மூன்று எண்கள், ஒரு காத்திருப்பு

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் சேர முதலில் வேண்டியவை மூன்று. ஒன்று, என்.பி.ஐ. என்ற 10 இலக்க எண். இது மத்திய அரசு இலவசமாகத் தருவது. இரண்டு, வருமான வரித்துறை தரும் இ.ஐ.என். எண். இதுவும் இலவசம்தான். பில்லில் சொந்த சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுதாமல் தப்பிக்க இது உதவும். மூன்று, சி.ஏ.க்யூ.ஹெச். என்ற இணையதளத்தில் ஒரு கணக்கு. படிப்பு, லைசென்ஸ், வேலை அனுபவம், தொழில் பொறுப்புக் காப்பீடு எல்லாவற்றையும் அங்கே ஏற்றிவைத்தால், கம்பெனிகள் அங்கிருந்து எடுத்துச் சரிபார்க்கும். 120 நாளுக்கு ஒரு முறை உள்ளே போய், ‘எல்லாம் சரி’ என்று உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். காலண்டரில் குறித்துவைப்பது நல்லது.

அதன் பிறகு காத்திருப்பு. மனநல விண்ணப்பங்களை, முழுமையாக வந்து சேர்ந்த 60 நாளுக்குள் சரிபார்த்து முடிக்க வேண்டும் என்று 2023 முதல் கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. ஆனால், ஒப்பந்தம் கையெழுத்தாகும் காலம் அதில் சேராது. மூன்று, நான்கு மாதம் வருமானமில்லாமல் ஓடும் என்று கணக்குப் போட்டுக்கொள்வதுதான் பத்திரம். ஒப்பந்தம் அமலுக்கு வரும் தேதிக்கு முன் பார்த்தவர்களுக்குப் பொதுவாகப் பணம் வராது.

‘எங்கள் பட்டியலில் இடமில்லை’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். தமிழில் பேச முடியும், மாலையிலும் சனிக்கிழமையிலும் நேரம் உண்டு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் பயிற்சி இருக்கிறது என்று எழுதி மீண்டும் கேட்கலாம். அந்தப் பகுதியில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்றைச் சொன்னால் கதவு திறக்க வாய்ப்பு உண்டு. பட்டியலில் சேர்த்துவிட்டு பில்லையும் பார்த்துக்கொள்ளும் இடைநிலை நிறுவனங்களும் இருக்கின்றன. சீக்கிரம் வேலை நடக்கும். ஆனால் ஒப்பந்தம் அவர்கள் கையில் இருக்கும், விலகும்போது என்னவாகும் என்பதைப் படித்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஓர் உதாரணக் கணக்கு. ஒப்பந்தப்படி ஓர் அமர்வுக்கு 110 டாலர். வந்தவர் 30 கட்டுவார், கம்பெனி 80 அனுப்பும். தன் வழக்கமான கட்டணம் 180 என்பதால் மீதி 70-ஐ வந்தவரிடம் கேட்க முடியாது, ஒப்பந்தம் அதைத் தடுக்கும். வாரம் 20 பேர், வருடத்தில் 46 வாரம் என்றால் 1,01,200 டாலர். நேரடியாக 180 டாலர் வாங்குபவர் வாரம் 12 பேரைப் பார்த்தே கிட்டத்தட்ட அந்தத் தொகையை, அதாவது 99,360 டாலரை எட்டிவிடுவார். வித்தியாசம் வாரத்துக்கு எட்டு அமர்வுகள். அதற்கு மேல் ஒவ்வோர் அமர்வுக்கும் பில் போடும் வேலை.

வந்த பணம் முழுவதும் கைக்கு நிற்காது. அறை வாடகை, சாஃப்ட்வேர், காப்பீடு போக, சுயதொழில் செய்பவர் வருமான வரியோடு 15.3 சதவிகித சுயதொழில் வரியும் கட்ட வேண்டும். சம்பளத்துடன் விடுமுறை கிடையாது. தன் சொந்த மருத்துவக் காப்பீட்டையும் தானே வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸே வேண்டாம் என்று ஒதுங்குபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாததும் இதனால்தான். பலர் நடுவழியில் போகிறார்கள். நல்ல தொகை தரும் இரண்டு, மூன்று கம்பெனிகளோடு மட்டும் ஒப்பந்தம், சில இடங்கள் நேரடிக் கட்டணத்துக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள்.

ஜனவரி மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல திட்டங்களில் வருடத் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை முழுச் செலவையும் குடும்பமே ஏற்க வேண்டும். ‘டிடக்டபிள்’ என்பது அதுதான். டிசம்பர் வரை 30 டாலர் கட்டியவருக்கு ஜனவரியில் திடீரென்று 110 டாலர் பில் வந்தால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். இதை முன்கூட்டியே பார்த்து, டிசம்பரிலேயே சொல்லிவிட வேண்டும்.

பில்லில் இருக்கும் ஒரு வரி

இன்ஷூரன்ஸ் கம்பெனி நோய்க்குத்தான் பணம் தரும். அதனால் ஒவ்வொரு பில்லிலும் நோயின் குறியீடு ஒன்றை எழுதியாக வேண்டும். ‘மாமியார் வந்திருக்கிறார், வீட்டில் தினமும் சண்டை’ என்று ஒருவர் அழுதால் அது துயரம், நோய் அல்ல. கணவன் மனைவி உறவுச் சிக்கலுக்கு ‘இசட் 63.0’ என்ற குறியீடு இருக்கிறது. ஆனால் அதை மட்டும் எழுதினால் பெரும்பாலான கம்பெனிகள் பணம் தராது.

இங்கேதான் சபலம் வரும். இருவரில் ஒருவருக்கு மனச்சோர்வு என்று எழுதிவிட்டால் பில் பாஸாகிவிடும். இல்லாத நோயை எழுதுவது மோசடி. பிடிபட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், லைசென்ஸுக்கும் ஆபத்து. அதைவிட, அந்தப் பெண்ணின் மருத்துவ ஆவணத்தில் அந்த வரி நின்றுவிடும். பிற்காலத்தில் ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அவரே அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நோய் இருந்தால் எழுத வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் சொல்ல வேண்டும். நோய் இல்லையென்றால், ‘இதற்கு இன்ஷூரன்ஸ் வராது, நேரடிக் கட்டணம் இவ்வளவு’ என்று சொல்வதுதான் நேர்மை. நேரடியாகக் கட்டுபவருக்கு உத்தேசச் செலவை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 2022 முதல் நாடு முழுவதும் சட்டம்.

குறிப்புகளிலும் கவனம் வேண்டும். கம்பெனி தணிக்கைக்குக் கேட்டால், என்ன சிகிச்சை, எவ்வளவு நேரம், என்ன முன்னேற்றம் என்ற குறிப்பைத்தான் காட்ட வேண்டும். பேசிய அந்தரங்கங்களைப் பற்றித் தெரபிஸ்ட் தனியே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளுக்கு மத்திய அரசின் தனியுரிமை விதிகளில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

வீட்டுக்கு வரும் கடிதம்

நம் குடும்பங்களுக்கு மிக முக்கியமான விஷயம் இது. ஒவ்வொரு பில்லுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு விளக்கக் கடிதம் அனுப்பும். யாரைப் பார்த்தார்கள், எந்தத் தேதியில், எவ்வளவு செலவு என்று அதில் இருக்கும். கணவரின் வேலை வழியாக வந்த காப்பீடு என்றால், அந்தக் கடிதம் கணவர் பெயருக்கே போகலாம். அவருடைய ஆன்லைன் கணக்கிலும் தெரியலாம். வீட்டில் அடி வாங்குவதைப் பற்றிப் பேச ரகசியமாக வந்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து!

கலிஃபோர்னியாவில் 2022 ஜூலை முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, மனநல சிகிச்சை போன்ற விஷயங்களில் தகவல் சிகிச்சை பெறுபவருக்கே நேரடியாகப் போக வேண்டும். ஆனால் பெரிய நிறுவனங்கள் பலவும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கும் திட்டங்களை வைத்திருக்கின்றன. அவை மாநிலச் சட்டத்துக்குள் வராது. ஐ.டி. குடும்பங்கள் பலவும் அந்தத் திட்டங்களில்தான் இருக்கின்றன. அப்போதும் ஒரு வழி உண்டு. வழக்கமான முகவரிக்குத் தகவல் வந்தால் தனக்கு ஆபத்து என்று எழுதிக் கேட்டால், வேறு முகவரிக்கோ வேறு வழியிலோ அனுப்ப வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறது. இந்தக் கோரிக்கை முதல் பில் போகும் முன்பே போய்ச் சேர வேண்டும். பில் போன பிறகு சொல்லிப் பயனில்லை.

நம்மவர்களோடு வரும் சங்கடங்கள்

‘‘தெரிஞ்சவங்கதானே, அந்த 30 டாலரை விட்டுடுங்களேன்’’ என்பார்கள். வழக்கமாக விட்டுக்கொடுத்தால் அது ஒப்பந்த மீறல். உண்மையிலேயே பணக்கஷ்டம் இருந்தால் அதை எழுத்தில் பதிந்து, ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவில் மட்டும் குறைக்கலாம்.

கோடை விடுமுறையில் சென்னைக்குப் போனவர், ‘‘வீடியோல பேசலாமா?’’ என்று கேட்பார். வீடியோ அமர்வுக்கு, வந்தவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பதே கணக்கு. கலிஃபோர்னியா லைசென்ஸ் கலிஃபோர்னியாவுக்கு மட்டும்தான். பக்கத்து நெவாடாவுக்கே அது செல்லாது. ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் இடத்தைக் கேட்டு எழுதிவைப்பது பழக்கமாக வேண்டும். ஊருக்குப் போகும் ஆறு வாரத்துக்கு என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும்.

பொங்கல் விழாவிலோ தமிழ்ப் பள்ளியிலோ எதிரெதிரே சந்திக்க நேரும். தெரபிஸ்ட் முதலில் போய் வணக்கம் சொல்லக் கூடாது, அவர் பேசினால் பேசலாம். இதையும் முதல் நாளே சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில், எளிய தமிழில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு கட்ட வேண்டும், பில்லில் என்ன போகும், கடிதம் யாருக்கு வரும், எதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். முதல் அமர்வில் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்துக் காட்டிவிட்டு, ‘‘இன்ஷூரன்ஸ்ல போகலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க’’ என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொன்ன பிறகு பில் போட்டுக்கொள்ளலாம்.