நிக்காஹ் தண்டனைக்கு மாற்றல்ல

எங்கேனும் ஒரு பெண் வன்கொடுமைக்கு ஆளான செய்தி வந்துவிட்டால், இஸ்லாமியச் சட்டம் இருந்திருந்தால் அவன் தலை தப்பியிருக்குமா என்று நாம் பேசத் தொடங்கிவிடுகிறோம். ஆய்க்குடியிலும் கடையநல்லூரிலும் தென்காசியிலும் இப்பேச்சைக் கேளாதவர் இரார். குற்றவாளி நம் தெருக்காரனாக இருந்துவிட்டாலோ பேச்சு மாறிவிடுகிறது. "பிள்ளையின் வாழ்வு கெட்டுவிடும், பேசி நிக்காஹ் முடித்துவிடலாம்" என்கிறோம். தலையைக் கேட்ட அதே நாவுதான் இதையும் சொல்கிறது.

நீதிமன்றங்களும் இதற்கு விலக்கல்ல. 1997இல் பஞ்சாபில் நடந்த கூட்டு வன்புணர்ச்சி வழக்கில், இரு தரப்பும் சமரசமாகிவிட்டதையும் ஒரு காரணமாகக் கொண்டு, மூவரின் தண்டனையை அவர்கள் அதுவரை கழித்திருந்த ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளாக உச்ச நீதிமன்றமே 2011இல் குறைத்தது. ஆளுக்கு 50,000 ரூபாய் தரும்படி உத்தரவிட்டது. போதிய சிறப்புக் காரணம் இருந்தால் குறைந்தபட்சத் தண்டனைக்கும் கீழே இறங்க அன்றைய சட்டத்தில் வழியிருந்தது. 2013ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வழியை அடைத்தது. 2018இல் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுகளாக உயர்ந்தது.

வழி அடைபட்ட பின்னும் மனம் மாறவில்லை. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் பி. தேவதாஸ், கடலூர் வழக்கொன்றில் ஏழாண்டுச் சிறை பெற்றவனுக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேசுவதற்காக இடைக்கால ஜாமீன் வழங்கினார். அவள் பெற்றோரற்றவள், குற்றம் நிகழ்ந்தபோது சிறுமி, அதனால் ஒரு குழந்தைக்குத் தாயானவள். பிணக்குகளை இணக்கமாகத் தீர்ப்பதற்கு முன்மாதிரியாக அவ்வுத்தரவு சுட்டிய மதங்களில் இஸ்லாமும் ஒன்று. சமரசத்திற்கு வரமாட்டேன் என்று அப்பெண் மறுத்தாள். மத்தியப் பிரதேச வழக்கொன்றில் இத்தகைய சமரசத்தை எண்ணியும் பார்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் ஜூலை முதல் நாள் கூறிய பின்னரே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

நம் மார்க்கத்தின் பெயரால் இது பேசப்படுவதை நாம் ஏற்கலாகாது. 'ஸுல்ஹ்' சொத்துத் தகராறுக்கும் கணவன் மனைவி பிணக்குக்கும் உரியது. மக்ஸூமி குலத்துப் பெண்ணொருத்தி திருடியபோது, நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களின் பரிந்துரைகூட ஏற்கப்படவில்லை. திருட்டுக்கே பரிந்துரை இல்லையென்றால், ஒரு பெண்ணின் உடல்மீது நிகழ்ந்த கொடுமைக்கு யார் பரிந்து பேசுவது? கட்டாயப்படுத்தப்பட்டவள்மீது குற்றமில்லை என்பதில் நம் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடில்லை. குற்றமற்றவளைக் குற்றவாளியின் வீட்டுக்கு அனுப்புவது அவளுக்கு விதிக்கும் ஆயுள் தண்டனை.

ஜமாஅத் பொறுப்பாளர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவராயின், அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவருக்கு போக்சோ சட்டத்தின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. பேசி முடித்தவர்களும் இதற்குள் அடங்குவர்.

குற்றம் உறுதியான பின், தண்டனை குறித்துக் குற்றவாளியிடம் நீதிபதி கேட்க வேண்டும் என்பது சட்டம். வயதான தாய், இளம் மனைவி, பசித்த பிள்ளைகள் எல்லாம் அப்போது எடுத்துரைக்கப்படும். பாதிக்கப்பட்டவளின் தாய் என்ன ஆனாள் என்று கேட்க அப்படியொரு கட்டாயமில்லை. அவளுடைய பாதிப்பையும் கேட்கும் ஏற்பாடு வேண்டுமென்று 2018இல் உச்ச நீதிமன்றமே பரிந்துரைத்திருக்கிறது. அது வரும்வரை, வழக்கு நாளில் அக்குடும்பத்துடன் நீதிமன்றத்திற்குச் செல்லவும், இழப்பீட்டிற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுக்கவும் ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பேரையாவது நியமிப்போம். நிக்காஹ் பேசப் போகும் கூட்டத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.