வயிறு பொய் சொல்லாது
திருவொற்றியூரில் திங்கட்கிழமை காலை பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டால், ‘மட்டம் போட நடிக்கிறான்’ என்போம். பூச்சி மாத்திரை, ஓமத்தண்ணீர், ஸ்கேன். எல்லாம் பார்த்தாயிற்று, ‘நார்மல்’. வலி மட்டும் போகவில்லை. அது நடிப்பல்ல. குடல் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையோடு ஓயாமல் பேசுகின்றன. பயமோ, முன்பு வந்துபோன வயிற்றுப்போக்கோ அவற்றை உசுப்பிவிட்டால், வெறும் வாயு அசைவுகூட வலியாகிவிடும். 1958இல் வெளியான ஆய்வொன்றில், இங்கிலாந்தில் குழந்தை மருத்துவர் ஜான் ஏப்லியின் குழு 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்ததில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இதே தொல்லை. எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ உடனே ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, இன்னொரு ஸ்கேனுக்கு முன் வகுப்பிலும் பள்ளிக்குப் போகும் வழியிலும் என்ன நடக்கிறதென்று கேளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிக்கும் பிள்ளைக்கு வயிறு கலங்குவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.