காட்டிக் கொடுத்தது நான்தான்

இருபது நாளா இந்தப் பக்கம் எதுவும் எழுதல. கோடை மழை ஒண்ணு நல்லா பேஞ்சுச்சு. அந்த ஈரம் காயறதுக்குள்ள உழவு ஓட்டணும்னு ஓடிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம் என் பெரிய பையன்.

கீழ டவுன்ல ஒரு கடையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவன், வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டான். வந்த மூணாம் நாள் சாப்பிடறப்ப ஆரம்பிச்சான். "அப்பா, கோடை லீவுக்கு எத்தனை பேர் வர்றாங்க பாருங்க. காரை நிறுத்தறாங்க, அருவியைப் பாக்கறாங்க, சாயங்காலம் இறங்கிடறாங்க. நாம காலையில நாலு மணி நேரம் மலையில நடக்கக் கூட்டிட்டுப் போலாம். செடி கொடியைக் காட்டலாம், பழைய பாதை, கோயில் கதை எல்லாம் சொல்லலாம். தலைக்கு இவ்வளவுன்னு வாங்கலாம். உங்களுக்குத் தெரியாததா இந்த மலையில?"

நான் ரெண்டு நாள் பதிலே சொல்லல. அப்பாவுக்குப் பிடிக்கலைன்னு நெனைச்சுக்கிட்டான். பிடிக்காம இல்லைங்க. இதே வேலையை நான் ஒரு தடவை செஞ்சு பாத்தவன். அதைத்தான் இங்க சொல்ல வந்தேன்.

புதுசா படிக்கறவங்களுக்கு ரெண்டு வரி. எங்க ஊரு கொல்லிமலை. நாமக்கல் மாவட்டம், கிழக்குத் தொடர்ச்சி மலை. காரவள்ளி பக்கமா ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு. நாங்க மலையாளிங்கற பழங்குடி சனம். பேரைப் பாத்துட்டு கேரளாவான்னு கேக்காதீங்க, பேசறது தமிழ்தான். காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்கன்னு எங்க பெரியவங்க கதை சொல்வாங்க. எனக்கு ரெண்டு ஏக்கர். சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகு, கீழ காபி, ஒதுக்குப்புறமா கொஞ்சம் சாமை.

நாலு வருசத்துக்கு முன்னாடி, தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி பன்னெண்டு பேர் வந்தாங்க. எல்லாம் படிச்ச பிள்ளைங்க, மரியாதையானவங்க. "ஐயா, நீங்களே கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. எனக்கும் பெருமைதான். பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச ஒரு குடியானவன் சொல்றதை இத்தனை பேர் நோட்டுல எழுதிக்கறாங்கன்னா சும்மாவா? கடுக்காய் மரம், காட்டு நெல்லி, கலாக்காய்ப் புதர், குங்கிலிய மரம்னு காட்டிக்கிட்டே போனேன். கடைசியா எங்க ஊருக்கு மேல இருக்கற ஒரு பெரிய பாறைக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்தப் பாறை முழுக்க முடவாட்டுக்கால் படர்ந்து கிடந்துச்சு.

முடவாட்டுக்கால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கொல்லிமலைக்கு வந்தவங்க அந்த சூப் குடிக்காம இறங்கறதில்ல. செல்போன்ல 'சைவ ஆட்டுக்கால்'னு வீடியோ ஓடுது. பாக்க ஆட்டுக்கால் மாதிரியே பழுப்பு ரோமத்தோட இருக்கும். கிழங்குன்னு சொல்றோமே தவிர, மண்ணுக்குள்ள விளையற கிழங்கு இல்ல அது. பெரணி வகையைச் சேர்ந்தது, பாறை மேலயும் மரத்து மேலயும் ஒட்டிக்கிட்டுப் படரும். அதுக்கு ரெண்டு விதமான இலை. ஒண்ணு பெரிய பச்சை இலை. இன்னொண்ணு சின்னதா, காஞ்ச சருகு மாதிரி கிழங்கை ஒட்டியே நிக்கும். அது செத்த இலைன்னு நெனைச்சு பிச்சுப் போட்டுடுவாங்க. ஆனா மேல இருந்து விழற சருகையும் தூசியையும் பிடிச்சு வெச்சு, வெறும் பாறையில தனக்கு வேண்டிய எருவைச் சேத்துக் குடுக்கறது அந்தக் காஞ்ச இலைதான். மண்ணே இல்லாத இடத்துல இப்படிச் சேத்துச் சேத்து வளர்றதுக்கு எத்தனை காலம் ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

எங்க அம்மா மூட்டு வலிக்குன்னு எடுக்கப் போனா, முத்தின துண்டா ஒரு சாண் அறுத்துக்கிட்டு, நுனியைத் தொடாம வந்துடுவாங்க. நுனி இருந்தாத்தான் மறுபடி ஓடும். வருசத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் எடுப்பாங்க.

இதையெல்லாம் நான் விளக்கிச் சொன்னேன். வந்தவங்க யாரும் ஒரு துண்டு கூட எடுக்கல. வீடியோ மட்டும் எடுத்தாங்க. அதுல பாறையும், பக்கத்துல இருக்கற சாமி மரமும், பின்னாடி தெரியற எங்க ஊரு கூரைகளும் பளிச்சுனு தெரிஞ்சுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு மாடு தேடி அந்தப் பக்கம் போறேன். பாறை மொட்டையா கிடக்குது. கடப்பாரை போட்டு நெம்பின தழும்பு. நுனி, அடி எதுவும் மிச்சமில்ல. சாக்கு மூட்டையா கட்டி பைக்ல எடுத்துட்டுப் போனாங்கன்னு ஆடு மேய்க்கற பையன் சொன்னான். யாருன்னு அவனுக்கும் தெரியல. அந்தப் பன்னெண்டு பேர்ல யாரும் இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா இடத்தைக் காட்டிக் கொடுத்தது நான்தான். அப்புறம் நான் யாரையும் நடக்கக் கூட்டிட்டுப் போகல.

இப்ப பையன் கேக்கறான். எங்க பங்காளி வீட்டு அண்ணன் ஒருத்தர் சொல்றார், "வெளியாளையே மலைக்குள்ள விடக்கூடாது, அப்பத்தான் எதுவும் மிஞ்சும்"னு. அவர் கோவம் எனக்குப் புரியுது. ஆனா அதுல எனக்கு ஒப்புதல் இல்ல. 70 வளைவு ரோடு போட்டாச்சு, வர்றவங்க வந்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. கார்ல வந்து கார்ல போறவங்களுக்கு இந்த மலை ஒரு அருவி, ஒரு கோயில், ஒரு டம்ளர் சூப், அவ்வளவுதான். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல படி இறங்கிட்டு வந்து "கால் போச்சுப்பா"ன்னு உக்காந்துடறாங்க. அந்தப் படி ஓரமே எத்தனை மரம் நிக்குதுன்னு பாத்திருக்க மாட்டாங்க. நடந்து பாக்கறவங்களுக்குத்தான் மலை தெரியும். தெரிஞ்சாத்தானே அது அழியறப்ப ஒரு வார்த்தை பேசுவாங்க? அதனால நடை வேணும்ங்கறதுதான் என் கட்சி. அதை எப்படி நடத்தறதுங்கறதுலதான் என் சண்டை.

முதல் விஷயம், காலம். 'கோடை நடை'ன்னு சொல்றது காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா மாசி, பங்குனியில மலைச்சரிவுல இலையெல்லாம் உதிர்ந்து, புல்லு காஞ்சு நிக்கும். ஒரு பீடித் துண்டு போதும். தீ மேட்டுப் பக்கமா ஏறற வேகத்துக்கு மனுசன் ஓட முடியாது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில என்ன நடந்துச்சுன்னு மறந்திருக்க மாட்டீங்க. மலையேறப் போன பிள்ளைங்க காட்டுத்தீயில மாட்டி, இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்த வருசமே அரசாங்கம் மலையேற்றத்துக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்தப்ப, அந்தந்தப் பக்கத்துப் பழங்குடி இளைஞர்களையும் கிராமத்து இளைஞர்களையும் வழிகாட்டியா பழக்கிவிட்டாங்க. தீக்காலத்துல பாதையை மூடவும் செய்யறாங்க. அது சரியான காரியம். பையன் கிட்டயும் இதைத்தான் சொன்னேன். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம ஒரு அடி வைக்கக்கூடாது. கோடை மழை ரெண்டு மூணு பேஞ்சு மலை பச்சை கட்டின பிறகு, ஊரையும் வயலையும் ஒட்டின பாதையில நடத்து. காலையில ஆறு மணிக்குக் கிளம்பு, பத்து மணிக்கெல்லாம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரு.

ரெண்டாவது, என்ன சொல்றதுங்கறது. வர்றவங்க எந்தச் செடியைக் காட்டினாலும் "இது எதுக்கு நல்லது?"ன்னுதான் கேக்கறாங்க. சுகருக்கா, மூட்டு வலிக்கா, முடி வளர்றதுக்கா? மலையையே ஒரு மருந்துக் கடையாத்தான் பாக்கறீங்க. கோவிச்சுக்காதீங்க, அந்தப் பன்னெண்டு பேருக்கு நானும் அப்படித்தான் சொன்னேன், அதைச் சொன்னாத்தான் கேக்கறாங்கன்னு. இந்தப் பழத்தை எந்தக் குருவி தின்னும், இந்த மரம் எப்ப பூக்கும், இதுல எந்தத் தேனீ கூடு கட்டும்னு யாராவது கேட்டா எனக்கு அன்னைக்கெல்லாம் பசிக்காது. நடையில அதைப் பேசணும்.

மூணாவது, பழமைன்னா என்னங்கறது. வல்வில் ஓரி ஆண்ட மலை இது. கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். செம்மேட்டுல சிலை இருக்கு, ஆடி மாசம் விழா எடுக்கறோம். வர்றவங்க சிலை முன்னாடி போட்டோ எடுத்துக்கறாங்க, நல்லதுதான். அதோட நின்னுடக் கூடாது. 14 நாடா பிரிஞ்சு கிடக்கற இந்த மலையில, ரோடு வர்றதுக்கு முன்னாடி ஊருக்கு ஊர் நடந்த பாதை இருக்கு. எங்க அப்பாரு தலைச்சுமையா பலாப்பழத்தைக் கீழ கொண்டு போய் வித்துட்டு, உப்பும் புகையிலையும் வாங்கிக்கிட்டு ஏறி வந்த பாதையில இன்னைக்கு உன்னிச்செடி மண்டிக் கிடக்கு. அதுவும் பழமைதானுங்களே?

சாமைக் கதையும் அப்படித்தான். ஒரு காலத்துல மலை முழுக்க சாமையும் தினையும் கேழ்வரகும்தான். இப்ப எங்க பாத்தாலும் மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைக்கு லாரியில போகுது, கையில காசு வருது. சாமையை உரல்ல குத்திப் புடைச்சு எடுக்க எங்க பொம்பளைங்க பட்ட பாடு அவங்களுக்குத்தான் தெரியும். அதனால விட்டுட்டாங்கன்னா அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அப்புறம் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து, பெண்கள் குழுக்களுக்கு அரவை மெஷின் கிடைக்க வழி பண்ணி, சிறுதானியத்தை மறுபடி தூக்கிவிடப் பாத்தாங்க. நடந்து முடிச்சு வர்றவங்களுக்குத் திண்ணையில சாமைச் சோறு போட்டு, பக்கத்துல நிக்கற மரவள்ளிக் கொல்லையைக் காட்டி இந்தக் கதையைச் சொன்னா, அது ஓரி சிலைக்குக் குறைஞ்சது இல்ல. சோத்துக்குக் காசு குடுக்கணும். பேரம் பேசக்கூடாது.

நாலாவதுதான் எனக்கும் பையனுக்கும் வாக்குவாதமே. "முடவாட்டுக்கால் இருக்கற இடத்தைக் காட்டலைன்னா யாருப்பா வருவாங்க? எல்லாரும் அதைத்தானே கேக்கறாங்க"ங்கறான். நான் சொன்னேன், வழிகாட்டின்னா எல்லாத்தையும் காட்டறவன்னு நெனைச்சுக்காத. எதைக் காட்டக்கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் இந்த மலைக்கு ஆகற ஆளு. எங்க அம்மா தேன் எடுக்கற பாறையை சொந்தத் தங்கச்சிக்குக் கூட சொன்னதில்ல. கஞ்சத்தனம்னு அப்ப நெனைச்சேன். இப்ப புரியுது.

சூப்புக் கடை வெச்சிருக்கறவங்க மேல எனக்கு வருத்தமில்லைங்க. எங்க சொந்தக்காரங்களும் வெச்சிருக்காங்க, அதுலதான் பிள்ளைங்களைப் படிக்க வைக்கறாங்க. ஆனா சீசன்ல தினம் இத்தனை டம்ளர் சூப்புக்கு இந்த மலை பாறையில எத்தனை நாள் ஈடு குடுக்கும்? தோட்டத்து மரத்துல ஒட்ட வெச்சு வளர்க்கப் பாக்கலாம். நானும் ரெண்டு துண்டை ஒரு பலா மரத்துல கட்டி விட்டிருக்கேன். ஒண்ணு பிடிச்சிருக்கு. மெதுவாத்தான் வருது.

கடைசியில பையன் ஒரு யோசனை சொன்னான். "அப்பா, அந்த மொட்டைப் பாறையையே காட்டினா என்ன?" எனக்கு ஒரு நிமிசம் பேச்சு வரல. அந்தப் பாறையை யாராவது பாத்தா எனக்குத்தான் அவமானம். ஆனா அவன் சொல்றது சரி. கடப்பாரைத் தழும்பு இன்னும் இருக்கு. அங்க நிறுத்தி, நடந்ததைச் சொல்லிட்டு, அப்புறம் மேல நடக்கலாம். சொல்ல வேண்டியது நானா இருக்கணும்னு மட்டும் அவன் கிட்ட சொல்லிட்டேன்.

ஆக, வைகாசியில பத்து பத்து பேரா கூட்டிட்டுப் போறதுன்னு முடிவாயிருக்கு. வர்றவங்க நல்ல செருப்பு போட்டுட்டு வாங்க. தண்ணிக்கு வீட்லேர்ந்தே பாட்டில் கொண்டாங்க, இங்க ரொப்பித் தர்றோம். சரக்கு பாட்டில் வேண்டவே வேண்டாம். உடைஞ்ச கண்ணாடி மாட்டுக் கால்ல ஏறி, போன வருசம் ஒரு பசுமாடு ரெண்டு மாசம் நொண்டுச்சு. போட்டோ தாராளமா எடுங்க. இடத்தோட பேரை மட்டும் போடாதீங்க.

உங்களுக்கு வேற மாதிரி தோணுச்சுன்னா கீழ எழுதுங்க. நான் ராத்திரிதான் படிப்பேன், பதில் வர ஒரு நாள் ஆகும்.