வேரில்லாத வேர்ச் சாயம்

ஒரே மூலிகையானாலும் மலைச் சரிவில் முளைத்தது வேறு, வயல் வரப்பில் முளைத்தது வேறு என்று நாட்டு வைத்தியர்கள் சொல்வதுண்டு. நிலமறிந்து, பருவமறிந்து பறிக்காத பச்சிலை வெறுந் தழைதான் என்பது அவர்கள் கொள்கை. காலேஜ் படிப்புப் படித்த நாம் இதைக் கேட்டுச் சற்றே புன்னகை செய்துவிட்டுப் போவது வழக்கம். அந்தப் புன்னகையை இப்பொழுது திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிருக்கிறது. வைத்தியர் சொன்னதன் உட்பொருளை ஜப்பானியர் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, எடை போட்டே காட்டிவிட்டார்கள்.

ஜப்பானிய மலைகளில் முராசாகி என்று ஒரு செடி உண்டு. சிறு வெண்பூப் பூக்கும் எளிய செடி. ஆனால் அதன் வேரிலே ஷிகோனின் என்னும் செஞ்சாயம் இருக்கிறது. துணிக்கு ஏற்றினால் ஊதா நிறம். அந்நாட்டு மொழியில் ஊதா நிறத்துக்கும் முராசாகி என்றே பெயர். ஆழ்ந்த ஊதா உடை முற்காலத்தில் உயர்பதவியினருக்கே உரியதாயிருந்தது. தீப்புண்ணுக்கும் வெட்டுக் காயத்துக்கும் இதே வேரிலிருந்து களிம்பு செய்கிறார்கள். காச்மீரத்துச் சமையற்காரர்கள் சிவப்பு ஏறுவதற்காக எண்ணெயில் போடும் ரத்தன்ஜோத் வேரும் இதற்கு உறவுதான். சங்கடம் என்னவென்றால், வேர் வேண்டுமானால் செடியைப் பிடுங்கவேண்டும். வேரில் சாயம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அதுவும் செடி சில ஆண்டுகள் வளர்ந்த பிறகு. பிடுங்கிப் பிடுங்கி, ஜப்பானிய மலைகளில் முராசாகி இன்று அருகிவிட்டது.

செடியைக் கொல்லாமல் சாயம் எடுக்க வழியுண்டா? செடியின் சிறு துண்டை வெட்டி, கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புக்களும் ஹார்மோனும் கலந்த உணவின்மேல் வைத்தால், ஜீவ அணுக்கள் பெருகி, வேரென்றும் இலையென்றும் சொல்ல முடியாத ஒரு குவியலாக வளர்கின்றன. இதுதான் திசு வளர்ப்பு. 1939ஆம் ஆண்டிலிருந்தே கைவந்த வித்தை இது. நமது டில்லி சர்வகலாசாலையில் சிப்ரா குஹாவும் எஸ். சி. மகேசுவரியும் 1964ல் ஊமத்தம்பூவின் மகரந்தப் பையிலிருந்தே நாற்றுக் கருக்களை எழுப்பி உலகத்தாரை வியக்கவைத்தார்கள்.

கியோட்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த மமோரு தபாதாவும் அவருடைய கூட்டத்தாரும் முராசாகி அணுக்களை இவ்வாறு வளர்த்து, 1974ல் தாங்கள் கண்டதை வெளியிட்டார்கள். சத்து நிறைந்த உணவில் அணுக்கள் கொழுகொழுவென்று பெருகின. ஆனால் சாயம் பிறக்கவில்லை, வெளிறிக் கிடந்தன. வொயிட் என்பவரின் பழைய, எளிய உணவுக்கு மாற்றினால் சாயம் ஊறிற்று, வளர்ச்சியோ குன்றியது! பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்ததில் குற்றவாளிகள் அகப்பட்டார்கள். அம்மோனியா உப்பு முதல் குற்றவாளி. நைட்ரேட் உப்பு மட்டும் கொடுத்தால் தடையில்லை. வெளிச்சம் இன்னொன்று, அதிலும் நீல ஒளி சாயத்தை அடக்கிவிடுகிறது. (வேர் இருட்டில் கிடப்பதுதானே என்று நமக்குத் தோன்றுகிறது.) களைக்கொல்லியாகவும் பயன்படும் 2,4-டி என்னும் செயற்கை ஹார்மோனைச் சேர்த்தாலும் சாயம் நின்றுவிடும். தாமிரம் சற்று மிகுந்தாலோ சாயமும் மிகும்.

ஆக, வளருகிற நிலைமை ஒன்று, சாயம் சுரக்கிற நிலைமை மற்றொன்று. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கேட்பது வீண். மித்சுயி ரஸாயனக் கம்பெனியில் புஜிதா என்னும் ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு யுக்தி கண்டார். முதல் தொட்டியில் சத்தான உணவு கொடுத்து அணுக்களைப் பெருக்குவது. பிறகு அம்மோனியா இல்லாமல், தாமிரம் கூடுதலாக உள்ள இரண்டாவது தொட்டிக்கு மாற்றிச் சாயம் சுரக்கச் செய்வது. நல்ல சிவப்பு ஏறும் குவியல்களையே தேர்ந்தெடுத்து விதைக்கு வைத்துக்கொண்டார்கள். நிறம் கண்ணுக்குத் தெரிவது இங்கே பெரிய அதிர்ஷ்டம். பெரும்பாலான மருந்துகளுக்கு நிறமே கிடையாது. ஏறக்குறைய மூன்று வாரத்தில், வேரில் உள்ளதைப் போல் பத்து மடங்குக்கு மேற்பட்ட சாயம் அணுக்களில் சேர்ந்தது. 1980களின் முற்பாதியில் அது கடைக்கும் வந்தது. எந்த உருவத்தில் என்கிறீர்கள்? உதட்டுச் சாயமாக! பிரபுக்களின் அங்கியிலிருந்து சீமாட்டிகளின் உதட்டுக்கு வந்து சேர்ந்தது முராசாகி.

உதட்டுச் சாயத்துக்கு இவ்வளவு பிரயாசையா என்று சலித்துக்கொள்ளவேண்டாம். அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வளரும் யூ மரத்தின் பட்டையில் டாக்ஸால் என்னும் மருந்து உண்டு. கருப்பைச் சினையகப் புற்றுநோய்க்கு அதை வழங்க 1992ல் அந்நாட்டு அரசாங்கம் அனுமதித்தது. பட்டையை உரித்தால் மரம் சாகும். ஒரு நோயாளிக்கே பல மரங்கள் வேண்டும். இங்கும் அணு வளர்ப்பே கைகொடுத்தது. ஆனால் சுகமாகத் தின்று வளரும் அணுக்களுக்கு மருந்து செய்யும் அவசியம் என்ன? பூச்சி கடித்தாற்போல் ஒரு பயத்தை உண்டாக்கவேண்டியிருந்தது. அதற்கு உதவிய வஸ்து நம் வீட்டுப் பெண்கள் தலையில் சூடும் பிச்சிப்பூவில் இருக்கிறது! 1962ல் பிச்சிப்பூத் தைலத்திலிருந்து பிரித்தெடுத்த ஜாஸ்மொனேட் என்னும் அந்த வாசனைப் பொருள், செடிகளுக்குள்ளே அபாயச் சங்கு ஊதுவது போன்றது. யூ மரத்து அணுக்களுக்கு அதை ஊட்டினால் டாக்ஸால் பல மடங்கு பெருகுவதை 1996ல் ஜப்பானியர் வெளியிட்டார்கள். சங்கு கேட்டதும் அணுக்களின் வளர்ச்சி தளர்கிறது. ஆகவே முதலில் வளர்த்துவிட்டு, அப்புறந்தான் ஊதவேண்டும்.

நிற்க, நம் சர்ப்பகந்தியின் கதிக்கு வருவோம். ரத்தக் கொதிப்புக்கு அதன் வேர் உதவுவதை பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ல் உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1952ல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெஸர்பின் பிரிக்கப்பட்டது. அதன் பிறகு நம் காடுகளில் வேர் வேட்டைதான். இன்று அந்தச் செடி சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதன் அணுக்களையும் குடுவையில் வளர்த்துப் பார்த்தார்கள். அவை பெருகுகின்றன, ஆனால் நாம் கேட்கும் ரெஸர்பினை விட்டு, ராகாப்ரிசின் என்னும் வேறொன்றை மிகுதியாகச் சேர்த்து வைக்கின்றன. எந்த உப்பைக் குறைத்து, எந்தச் சங்கை ஊதினால் அவை வழிக்கு வரும் என்பதைக் கண்டுபிடிக்கவேண்டியது, ஊமத்தம்பூவில் விந்தை காட்டிய நாட்டாரின் வேலையல்லவா? அதுவரையில் காட்டில் கடப்பாரைக்கு ஓய்வில்லை.